எங்கிட்டு, எந்தத் தடம், எப்ப

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், எந்தப் புத்தகத்தில் எழுதுகிறாய், எந்தப் பக்கத்தில் வரும், எப்போது வரும் என்று போன் போட்டுக் கேட்பார். ஒழுங்காகப் பதில் சொல்லும்வரை விடமாட்டார். நாங்கள் எல்லோரும் அவரை லாத்தா என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படி அழைப்பார்கள். அரிமளத்தில் அவரைவிட வயதில் மூத்தவர்களும் லாத்தா என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அது உறவுமுறை என்பதே மறந்து பெயராகிவிட்டது.

எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. அதைத் தாண்டினால் தைலமரக் காடு. கியர் சைக்கிள் வைத்திருந்த நாங்கள் ஐந்தாறு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டு வேப்பமரத்தடியில்தான் கூடுவோம். காட்டுக்குள் எத்தனையோ தடங்கள். மரம் ஏற்றும் லாரி போன தடம், ஆட்டுத் தடம், கண்மாய்க் கரை, தூர்ந்துபோன வரத்து வாய்க்கால், மழையில் அரித்த செம்புறாங்கல் பாறை. எது எங்கே போய் எதில் சேரும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வாரம் ஒரு தடமாகப் போய்ப் பார்த்துவிடுவது என்று தொடங்கினோம். போய்வந்த வழியெல்லாம் செல்போன் மேப்பில் கோடு கோடாக விழும். அதை என் மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். "கோழி கிளறுன மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

ஊரில் எங்களுக்கு வைத்த பெயர் வேறு. பைக் இருந்தும் சைக்கிள் மிதிக்கிறவன், ரோடு இருந்தும் காட்டுக்குள் போகிறவன், கிறுக்கனாகத்தானே இருக்கவேண்டும்.

எங்களைக் கிறுக்கர்கள் என்று நினைக்காத ஒரே ஆள் லாத்தா. ஆனால் அவர் வாசலைத் தாண்டுவது சுலபமில்லை. சைக்கிளில் ஏறிப் பெடலில் கால் வைக்கும் நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு வருவார்.

"எங்கிட்டு போறீங்க?"

"சும்மா, உள்ளதான் லாத்தா."

"உள்ளன்னா? எந்தத் தடம்?"

"கண்மாய்க் கரை ஏறி, அந்தப் பக்கம்."

"எப்ப வருவீங்க?"

இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால், "சரி. இன்ஷா அல்லா" என்பார். அவ்வளவுதான். சூதானமாகப் போங்கள் என்று சொல்ல மாட்டார். பாம்பு கிடக்கும், பார்த்து என்றும் சொல்ல மாட்டார். அறிவுரையே கிடையாது. அவருக்கு வேண்டியது மூன்று பதில்கள், அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

இது வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றாது. எங்கள் பக்கத்தில் தெரிந்தே யாரும் செய்யமாட்டார்கள். புறப்படுகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போன காரியம் விளங்காது. கேட்டே தீரவேண்டுமென்றால், "தூரமா?" என்று கேட்கலாம். கேட்கப்பட்டவர், "ஆமா, இப்படித்தான் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டு பக்கமும் மரியாதை கெடாது. நான் ஒருநாள் இதை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

"எங்கேன்னு கேக்காதீங்க லாத்தா, தூரமான்னு கேளுங்க. ஒரு வார்த்தைதானே."

"தூரமான்னு கேட்டா ஆமான்னு சொல்லிட்டுப் போயிருவாக. ஆமாங்குற ஊரு எந்தப் பக்கம் தம்பி இருக்கு?"

எனக்கு ஊரில் ஜெராக்ஸ் கடை. எங்கே கையெழுத்துப் போடணும், எப்ப வரும், எந்த ஆபீஸ்ல குடுக்கணும் என்று வாரம் முழுக்க என்னைக் கேள்வியால் குடைவார்கள். ஞாயிற்றுக்கிழமையாவது ஒருவரும் ஒன்றும் கேட்காமல் இருக்கட்டும் என்றுதான் நான் காட்டுக்குள் போவதே. அங்கே நுழைவாயிலிலேயே இவர் நின்றால் எப்படி இருக்கும்? முதல் வருஷம் எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்தான்.

எங்களிடம் மட்டும் என்றில்லை. எதிர்வீட்டில் மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பி, பூவும் பழமும் தட்டில் வைத்து வேனில் ஏறும் நேரத்தில் லாத்தா போய் நின்று மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. எதிர்வீட்டம்மா பேச்சை நிறுத்திக்கொண்டார். லாத்தா என்னிடம் வந்து, "மாப்பிள்ளைக்குத் தலை பூரா நரை தம்பி. நான் கேட்டதுனாலயா நரைச்சுச்சு?" என்று நியாயம் கேட்டார்.

தனக்கும் அதே சட்டம்தான். அவரிடமும் ஒரு கியர் சைக்கிள் இருந்தது. துபாயிலிருந்து லீவில் வந்த மகன் ஆசையாக வாங்கி, நாலு நாள் ஓட்டிவிட்டு விட்டுப்போனது. கணவர் இறந்து வெகுகாலம். வீட்டில் தனி ஆள். சர்க்கரை கூடிப்போய் டாக்டர் நடக்கச் சொன்னபோது, "நடந்தா அலுப்பா இருக்கு, இதை மிதிச்சா என்ன?" என்று இறங்கிவிட்டார். முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினால் தெருவே வேடிக்கை பார்க்கும். நன்றாக ஓட்டுவார் என்று சொல்லமுடியாது. பள்ளம் வந்தால் இறங்கி உருட்டுவார். மேடு வந்தாலும் இறங்கி உருட்டுவார். சமதளத்தில் ஓட்டும்போது மட்டும் பின்னால் திரும்பி எங்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரிப்பார்.

தனியாகக் காட்டுக்குள் போகும் நாட்களில் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போவார். எதிர்வீட்டம்மா பேசாதிருந்த காலத்திலும், அந்த வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, சாத்தியிருந்த கதவைப் பார்த்து, "கெழக்க பாறை வரைக்கும் போறேன். லாரித் தடத்துல போயிட்டு அப்படியே வாரேன். வெயில் ஏறுறதுக்குள்ள வந்துருவேன்" என்பார். உள்ளேயிருந்து பதில் வராது. குக்கர் விசில்தான் வரும். "சரி, கேட்டுருச்சு" என்று சொல்லிக்கொண்டு மிதிப்பார்.

எங்கள் கூட்டத்தில் சிதம்பரம் அண்ணன் என்று ஒருவர். கடைத்தெருவில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருந்தார். பருத்த உடம்பு. ஆனால் எங்களில் அவரைப்போல மிதிக்க ஆள் கிடையாது. புதுத் தடம் கண்ணில் பட்டால் முதலில் அவர் சைக்கிள்தான் உள்ளே நுழையும். முள், சேறு, எதற்கும் பயமில்லாத மனிதர் சகுனத்துக்கு மட்டும் பயப்படுவார். பூனை குறுக்கே போனால், போன பூனை திரும்பி வரும்வரை நிற்கிற ஆள். "தடத்துல போறவனைக் கேட்டா தடங்கல்டா" என்பார்.

அவருக்கும் லாத்தாவுக்கும் நடந்த மல்லுக்கட்டைப் பார்க்கவே நாங்கள் சீக்கிரம் வருவோம். கேள்வி விழுந்ததும் அண்ணன் சைக்கிளை விட்டு இறங்குவார். கிளம்பியது கிளம்பாததாக ஆகவேண்டுமே. லாத்தா வீட்டுப் படியிலேயே போய் உட்கார்ந்து, அவரிடமே ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்து, கொஞ்சம் மூச்சு விட்டு, புதிதாகக் கிளம்புவது போலக் கிளம்புவார். பெடலில் கால் வைத்ததும் லாத்தாவின் குரல் வரும்.

"அண்ணே, அதே தடந்தானா, மாத்திக்கிட்டீங்களா?"

மறுபடி இறங்குவார். மறுபடி படி, மறுபடி சொம்பு. ஒருநாள் இப்படியே தண்ணீர் குடித்துக் குடித்து, காட்டுக்குள் அவர் சைக்கிள் ஓட்டியதைவிட மரத்துக்குப் பின்னால் போய் நின்றதுதான் அதிகம். நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு நோகத் திரும்பி வந்தோம். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரம் லாத்தா கேட்டதும், "கொடும்பாளூர்" என்றார். அது மாவட்டத்தின் அந்தக் கோடி.

"எந்த வழியா?"

"ஆகாய மார்க்கமா."

"எப்ப வருவீங்க?"

"மூவர் கோயில்ல மூணு பேரையும் பாத்துட்டு வந்துர்றேன்."

லாத்தா சிரிக்கவில்லை. "சரி. இன்ஷா அல்லா" என்றார். நாங்கள் திரும்பி வந்தபோது கேட்டருகே நின்று, "எங்க, கொடும்பாளூர்ல மழையா?" என்று மட்டும் கேட்டார்.

என் எரிச்சல் எப்போது பிரியமாக மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியும். ஒரு ஐப்பசியில் கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட, லாத்தாவுக்குத் துணையாக நான் பின்தங்கினேன். ஆட்டுத் தடம் ஒன்று இரண்டாகப் பிரிந்த இடத்தில் விறகு சுமந்துவந்த ஒருவரைப் பார்த்து லாத்தா, "இந்தத் தடம் எங்கிட்டு போகுதுங்க?" என்றார். அவர், "அது எங்கயும் போகாதும்மா, நான் பொறந்ததுலருந்து இங்கேயேதான் கெடக்கு. நீங்கதான் போகணும்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். லாத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிரிப்பு அடங்கியதும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அவராகப் பேசினார்.

அவர் பிறந்தது கட்டுமாவடி. அப்பாவை அத்தா என்பார்; அவர் நாட்டுப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். கடலுக்குப் போகிறவரை யாரும் எங்கே என்று கேட்கமாட்டார்கள், பின்னாலிருந்து கூப்பிடவும் மாட்டார்கள். ஒருமுறை போனவர் திரும்பவில்லை. எந்தப் பக்கம் வலைபோடப் போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெற்கே இருப்பார் என்று நினைத்து எல்லாப் படகும் தெற்கே போயிற்று.

"எங்கம்மா கரையில நின்னுச்சு தம்பி. தெக்க பாத்து ரெண்டு எட்டு நடக்கும். பெறகு வடக்க பாத்து நடக்கும். எந்தப் பக்கம் திரும்பி அழுவுறதுன்னு அதுக்குத் தெரியல."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, அத்தா வந்துட்டாரு. இஞ்சின் கெட்டுப்போயி வடக்க எங்கிட்டோ ஒதுங்கி, ரோட்டு வழியா பஸ்சுல வந்து எறங்குனாரு. கையில மிச்சர் பொட்டலம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

"அடுத்த தடவை அவரு கெளம்புறப்ப நான் போயி நின்னு கேட்டேன், எங்கிட்டு போறீங்க அத்தான்னு. ஒரு அறை விட்டாரு பாரு. காது கொய்ங்குன்னுச்சு. ஆனா சொல்லிட்டுத்தான் போனாரு. அதுக்கப்பறம் எப்பவும் சொல்லிட்டுத்தான் போனாரு."

அதற்குப் பிறகு அவர் கேட்டால் நான் தெளிவாகப் பதில் சொல்லத் தொடங்கினேன். சொல்லிவிட்டுப் போவது ஒரு சுகம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காட்டுக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசை, ஒரே மாதிரி பட்டை உரிந்த மரம். வழி தவறினால் நெஞ்சு படபடக்கும். நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியாத நேரத்திலும், ஏறக்குறைய எங்கே இருப்பேன் என்று தெரிந்த ஒரு ஆள் வாசலில் இருக்கிறார் என்று நினைத்தால் படபடப்பு அடங்கும். என் மனைவியிடம்கூட நான் அவ்வளவு விவரமாகச் சொல்லிவிட்டுப் போனதில்லை.

அடுத்த சித்திரையில், ஒரு வேலைநாளில், சிதம்பரம் அண்ணன் தனியாகக் கிளம்பினார். விடிந்ததும் ஓட்டிவிட்டு வந்து கடை திறப்பது அவர் பழக்கம். நான் ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். லாத்தாவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, சிதம்பரம் அண்ணன் கெழக்க பாறைக்குப் போயிட்டு எட்டு மணிக்கு வாரேன்னாரு. இன்னும் வரலை. போன் அடிச்சா அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கலை."

கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். மற்றவர்களும் வந்தார்கள். அண்ணன் கடைப் பையன்கள், அவர் மச்சினன், எல்லோரும் பைக்கில் கிழக்கே போனோம். பாறை, பாறைக்கு அடுத்த முந்திரிக் கொல்லை, அதைத் தாண்டிய வாய்க்கால், ஒன்று விடாமல் தேடினோம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. லாத்தா தன் வீட்டிலிருந்து விடாமல் அண்ணன் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அந்தப் போனை எடுத்தது ஆடு மேய்க்கும் ஒரு பெண். "ஆருங்க பேசுறது? ரொம்ப நேரமா பாட்டுச் சத்தம் கேக்குதேன்னு வந்தேன். இங்க ஒரு ஆளு குழிக்குள்ள கெடக்காக" என்றிருக்கிறார். எந்தப் பக்கம் என்று லாத்தா கேட்டார். மேற்கே, அய்யனார் கோயிலைத் தாண்டி.

மரங்களுக்கிடையில் மழைத்தண்ணீர் நிற்பதற்காக ஆள் ஆழத்துக்கு வெட்டிய குழி அது. சருகு மூடிக் கிடந்ததில் விளிம்பு தெரியாமல் விழுந்திருக்கிறார். சைக்கிள் மேலேயே கிடந்தது, கைப்பிடியில் மாட்டியிருந்த போனோடு. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, ஒரு கால் பிசகி, ஏறி வரமுடியவில்லை. காலையிலிருந்து வெயிலில் கிடந்து உதடெல்லாம் வெடித்திருந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் தாங்கியிருக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு லாத்தா பஸ் ஏறி வந்தார். பிளாஸ்க்கில் கஞ்சி. வார்டு வாசலில் அண்ணனின் மனைவி நின்றிருந்தார். அவருக்குப் பயமும் அழுகையும் இன்னும் அடங்கவில்லை.

"போறப்பல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் இப்படி ஆச்சு. சரி, கேட்டதுதான் கேட்டீங்க, அதையாவது ஒழுங்காக் கேக்கக் கூடாதா? மேக்க போறேன்னு சொன்னவரைக் கெழக்கன்னு சொல்லி ஊரையே அங்கிட்டு அனுப்பிட்டீங்களே."

லாத்தா பிளாஸ்க்கைப் பிடித்தபடி நின்றார். "கெழக்கன்னுதான் சொன்னாரு" என்று மெதுவாகச் சொன்னார். நான் குறுக்கே புகுந்து, லாத்தா தப்பாகக் கேட்கிற ஆள் இல்லை, அண்ணன்தான் விளையாட்டுக்கு மாற்றிச் சொல்லியிருப்பார், முன்னேயும் கொடும்பாளூர் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். அடிபட்டுக் கிடக்கிறவர் மேல் பழி போடுகிறாயா என்று அவர் மச்சினன் என்னை முறைத்தான். உள்ளே கட்டிலில் கிடந்த அண்ணனைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார். மருந்து மயக்கமா, வேறா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அந்தம்மாவுக்குக் காது மந்தம். எதிர்வீட்டம்மாவுக்குத்தான் அதில் பரம திருப்தி.

இதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை, ஊர் அப்படித்தான். வலித்தது வேறு. லாத்தாவே அதை நம்பத் தொடங்கிவிட்டார். ஒருநாள் கடைக்கு வந்து ஓரமாக நின்றார். புதுக்கோட்டைக்குப் போய்க் காது டாக்டரிடம் காட்டியிருக்கிறார்.

"மெஷின்லாம் வச்சுப் பாத்தாக. காது நல்லாத்தான் இருக்காம் தம்பி. அப்ப மனசுதான் தப்பாக் கேட்டுருச்சு போல. வயசாகுதுல்ல."

"நீங்க தப்பாக் கேக்கலை லாத்தா."

"ஒனக்கு எப்படித் தெரியும்? நீ அங்க இல்லையே."

அந்த வெயிலில் கிடந்த மனிதனைத் தான்தான் திசைமாற்றித் தேடவிட்டோம் என்ற எண்ணம் அவரைத் தின்றது. கேட்பதை நிறுத்திவிட்டார். நாங்கள் வேப்பமரத்தடியில் கூடினால் வெளியே வரமாட்டார். நானாகப் போய், "லாத்தா, வாய்க்கால் தடத்துல போறோம், பத்து மணிக்குள்ள வந்துருவோம்" என்று ஜன்னலில் சொன்னேன். "எங்கிட்ட எதுக்குத் தம்பி?" என்றார் உள்ளேயிருந்து. அவர் சைக்கிளின் மேல் பழைய லுங்கி ஒன்றைப் போர்த்தியிருந்தார். நாங்கள் போவது குறைந்துபோனது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும்தான் போவேன், நானும் பாதியில் திரும்பிவிடுவேன்.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு. நானும் இன்னும் இரண்டு பேரும் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தோம். சிதம்பரம் அண்ணன் நடந்து வந்தார். பாதி இளைத்திருந்தார். கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கட்டியிருந்தது. நேரே போய் லாத்தா வீட்டு கேட்டைத் தட்டினார். லாத்தா வந்தார். அவரைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். குற்றம் செய்தவர் அப்படித்தான் நிற்பார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"லாத்தா, கெழக்கன்னு நாந்தான் சொன்னேன்."

லாத்தா நிமிர்ந்தார்.

"உங்க காதுல ஒரு கொறையும் இல்ல. பொய்யா ஒரு தெசையைச் சொல்லிப்புட்டா கேட்ட தோசம் அங்கிட்டுப் போயிரும், நம்மளை அண்டாதுன்னு நெனச்சேன். ரொம்ப நாளா அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆஸ்பத்திரியிலயே சொல்லிருக்கணும். வீட்டுல எல்லாரும் நிக்கிறப்ப வாய் வரலை. நீங்க காதைக் காட்டப் போனீங்கன்னு நேத்துத்தான் கேள்விப்பட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். லாத்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்கிட்டுத்தான் போனீங்க?"

"மேக்க."

"எந்தத் தடம்?"

"வாங்க, காட்டுறேன்."

நடந்தே போனோம். அண்ணன் முன்னால், லாத்தா அவருக்குப் பின்னால். நாங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைசியில். அண்ணன் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, இங்கே வலது பக்கம் திரும்பினேன், இங்கே இறங்கித் தண்ணீர் குடித்தேன், இந்த மரத்தில் ஒரு தேன்கூடு இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கணக்கு வாத்தியாரிடம் வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. லாத்தா ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். அய்யனார் கோயிலைத் தாண்டியதும் குழி வந்தது. சருகை யாரோ அள்ளியிருந்தார்கள். மண் சுவரில் அவர் ஏறப்பார்த்த கால்தடம் இன்னும் அழியாமல் இருந்தது.

லாத்தா எட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள கெடந்து என்ன அண்ணே பண்ணீங்க?"

"போன் மேல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அடிக்கிறது நீங்கன்னு தெரியும். வீட்டுல நான் கடையில இருக்கேன்னு நெனப்பாக, கடையில வீட்டுல இருக்கேன்னு நெனப்பானுக. எப்ப வருவேன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான். இந்நேரம் வாசல்ல வந்து நிப்பாக, இந்நேரம் ஆளைக் கூப்பிடுவாக, இந்நேரம் தேடப் புறப்பட்டிருப்பாகன்னு தைரியமாத்தான் கெடந்தேன். பெறகுதான் நெனப்பு வந்துச்சு லாத்தா. எல்லாரையும் கெழக்கத்தானே அனுப்புவீங்க."

அண்ணன் நல்ல கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கத்துனேன். காப்பாத்துங்கன்னு கத்தலை. மேக்க, மேக்கன்னுதான் கத்துனேன். உங்க வீடு இருக்குற பக்கம் திரும்பிக்கிட்டு, மேக்க லாத்தா, மேக்கன்னு, தொண்டை கட்டுற வரைக்கும்."

லாத்தா அந்தக் குழியின் விளிம்பிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முக்காட்டின் நுனியை வாயில் பொத்திக்கொண்டார். நாங்கள் யாரும் அவரைத் தூக்கப் போகவில்லை. பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்து, "எனக்குக் கேக்கலையே அண்ணே" என்றார்.